பன்னிரண்டு பனியன்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைத்தாயிற்று. கை கொப்புளித்திருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்தால் காட்டப்படும். கூட்டிச் சொன்னது கிடையாது, குறைத்துச் சொன்னதும் கிடையாது. ஒரே ஓர் இடத்தில் ஒரு தண்ணீர் லாரியின் நிறம் ஞாபகத்துக்கு வராமல் பச்சை என்று போட்டிருக்கிறது. அது நீலமாக இருந்தால் அதற்கு மட்டும் மன்னிப்பு.

2043-இல் தூத்துக்குடிக் கூடைப்பந்து அணியில் சேர்மக்கனி என்று ஒருவர் இருந்தார். ஆட்டக்காரர் இல்லை. ஐந்தடி மூன்றங்குலம், ஐம்பத்திரண்டு வயது, யார் சேர்ப்பார்கள்? உடுப்பு, துண்டு, தண்ணீர் பாட்டில், முழங்கால் பட்டி இவையெல்லாம் அவர் பொறுப்பு. ஆட்டக்காரர்கள் அவரை அண்ணாச்சி என்பார்கள்.

அண்ணாச்சிக்கு மூக்கு ஜாஸ்தி. நீளத்தில் இல்லை, வேலையில். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு காலுறையைக் கையில் கொடுத்தால் அது யாருடையது, வலது காலா இடது காலா, போட்டிருந்தவன் முந்தின நாள் தின்றது நண்டா ஆட்டுக்கறியா என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுத் "தூ" என்பார். உலகத்தில் அவருக்குக் குமட்டாத வாசனை இரண்டே இரண்டுதான்: வெயிலில் காய்ந்த துணி, புதுப் பந்தின் தோல். மற்றதெல்லாம் தூ. இப்படிப்பட்ட மூக்கோடு இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று கேட்கலாம். பல் வைத்தியருக்கு அடுத்தவன் வாய் பிடித்தா இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குச் சூட்டு உடம்பு. வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் செங்கல் மாதிரிச் சிவந்து தலை சுற்றும். அதனால் அரைமணிக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொள்வார். தோளில் எப்போதும் ஓர் ஈரத்துண்டு. அவரை உலர்ந்து பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை.

தூத்துக்குடி அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. பிளே ஆஃப் தொடங்கிவிட்டால், அதாவது எட்டு அணிகள் மட்டும் மிஞ்சி, இரண்டிரண்டாக மோதி, ஏழு ஆட்டத்தில் முதலில் நாலு ஜெயித்தவன் மேலே போகிற அந்தக் கட்டம் வந்துவிட்டால், உடுப்பைத் துவைக்க மாட்டார்கள். புதுத்துணியும் உடம்பில் படக்கூடாது. எந்தக் காலத்திலோ ஒரு வருஷம் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் நாற்பத்தொரு பாயிண்டில் தோற்றார்களாம். அன்றிலிருந்து இப்படி. மூன்றாம் வாரத்தில் ஜெர்சிகள் உப்புப் பூத்து, நிறுத்தினால் தானாக நிற்கும். அண்ணாச்சி அவற்றைக் கம்பால் எடுத்துக் கம்பால் வைப்பார்.

இந்த வழக்கம் இருந்த ஊருக்குத்தான் முகரி வந்தது.

முகரி என்பது ஒரு யந்திரம். மதுரையில் ஓர் அரங்கத்தில் வைத்திருந்தார்கள். செய்தவர் டாக்டர் கமலவேணி, கோயம்புத்தூர்க்காரர். ஒவ்வொரு தொடருக்கும் மூன்று நாள் முன்னால் கூடைப்பந்துப் பேரவையிலிருந்து இரண்டு அணிக்கும் பன்னிரண்டு வெள்ளைப் பனியன்கள் சீல் வைத்த எவர்சில்வர் டிரம்மில் வரும். ஆட்டக்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஆடி, நனைந்ததைக் கழற்றி டிரம்மில் போட்டு மூட வேண்டும். மதுரையில் முகரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இன்ன அணி, இத்தனைக்கு இத்தனை என்று சொல்லும். மூன்று வருஷத்தில் இருபத்தொரு தொடர். இருபத்தொன்றும் சொன்னபடி நடந்தது. ஓர் ஆட்டம் கூடக் குறைய இல்லை.

முதல் தடவை டிரம் வந்ததும் தூத்துக்குடி அணி நாலடி பின்வாங்கியது. புதுப் பனியன்! பிளே ஆஃப் நேரத்தில்! கேப்டன் டைட்டஸ் பர்னாந்து அண்ணாச்சியிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, நீங்க போட்டுருங்களேன்."

"எதைல?"

"பனியனை."

"பன்னெண்டையுமா?"

"ஒண்ணு மேல ஒண்ணா."

"என்னைய என்ன துணி காயப்போடுத கொடின்னு நெனச்சியால?"

"கல்யாண வீட்டுக்கு வீட்டுல ஒரு ஆளு போனா எல்லாரும் போன மாதிரிதான அண்ணாச்சி? நம்ம அணிக்கு நீங்க போங்க."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. ஏமாற்று வேலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி பன்னிரண்டு பனியனையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, விடுதி மொட்டை மாடியில் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றி நடந்தார். நடுநடுவே வாளித் தண்ணீர். கடைசியில் ஒரு ஆள் கால்பக்கமும் ஒரு ஆள் தலைப்பக்கமும் நின்று வெங்காயம் உரிப்பது போல் உரித்து எடுத்தார்கள். பனியன்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பேரவை ஆள் சீல் வைத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து அதுவும் வழக்கமாகிவிட்டது.

முதல் வருஷம் முகரி சொன்னது: தூத்துக்குடி நாலுக்குச் சைபர் தோற்கும். தோற்றது. இரண்டாம் வருஷம் நாலுக்கு ஒன்று. மூன்றாம் வருஷம் மறுபடி சைபர்.

இதற்குள் ஊர் உலகம் மாறிவிட்டிருந்தது. முகர்வு நாளன்று மதுரை அரங்கம் வழியும். ஆட்டத்துக்குக் காக்கைதான் வரும். முடிவு தெரிந்த ஆட்டத்தை எவன் பார்ப்பான்? தோற்கப் போகிற அணிக்குத் தொடர் தொடங்குமுன்பே திரும்புகிற ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். அவர்கள் தங்குகிற அறையை ரயில் நாளன்றே ஏதாவது கல்யாணக் கோஷ்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். தோற்க வேண்டிய ஆட்டத்தில் எவனாவது மறந்துபோய் நன்றாக ஆடிவிட்டால் பார்க்க வந்த பத்துப் பேரும் சத்தம் போடுவார்கள்: "ஏல, ஆறரை பஸ்ஸ விட்டா அடுத்த வண்டி கெடையாது, வெரசாத் தோத்துட்டுப் போங்கல!" நாகர்கோவில் அணிப் பையன் ஒருவன் அப்படித் தெரியாமல் நாலு பந்தைக் கூடையில் போட்டு, கோர்ட்டிலேயே தன் அப்பனிடம் அறை வாங்கினான். அப்பன் எதிரணி ஜெயிக்கிறதற்கு மாலை வாங்கி வைத்திருந்தான், பூ வாடிக்கொண்டிருந்தது.

அதைவிடக் குமட்டலான சங்கதி ஒன்று உண்டு. ஜெயிக்கும் என்று சொல்லப்பட்ட அணியின் பனியன்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஒரு துவாரம் விட்டு, ஜனங்களை வரிசையில் நிறுத்தினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகள், எலெக்‌ஷனில் நிற்கிறவர்கள். ஒவ்வொருவராகத் துவாரத்தில் மூக்கை வைத்து இழுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்து வாயை மூன்று தரம் கொப்புளித்தார்.

நாலாம் வருஷம், அதாவது 2043-இல், அதிசயம் நடந்தது. மார்ச் மாதம் விடுதி போர்வெல் வற்றிப்போய், பச்சை லாரி ஒன்றில் தாமிரபரணித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வருஷக் கணக்காக உப்புத் தண்ணீரில் குளித்து முடியெல்லாம் தேங்காய் நாராகிப் போன ஆட்டக்காரர்கள் மாப்பிள்ளைகள் மாதிரி மினுமினுத்தார்கள். அதிசயம் அதுவல்ல. முகரி முதல் சுற்றில் தூத்துக்குடி நாலுக்கு இரண்டு ஜெயிக்கும் என்றது. ஜெயித்தார்கள். அரையிறுதியில் நாலுக்கு ஒன்று என்றது. அதுவும் ஆயிற்று. மிச்சம் இறுதித் தொடர், கரூரோடு.

டைட்டஸுக்கு அந்த இறுதித் தொடர் சாதாரண விஷயமில்லை. அவனுக்கு முப்பத்தைந்து முடியப் போகிறது. இடது முழங்கால் படியேறும்போது கதவு மாதிரிச் சத்தம் போடும். கடற்கரை மின்கழகம் அந்த வருஷம் இறுதியில் ஜெயிக்கிற பன்னிரண்டு பேருக்கும் நிரந்தர வேலை என்று அறிவித்திருந்தது. ஜூன் முப்பதாம் தேதி முப்பத்தைந்து வயது முடியாமல் இருக்க வேண்டும். டைட்டஸ் பிறந்தது ஜூலை இரண்டு. பதினாலு வருஷமாகப் பந்தைத் தட்டியதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

அரையிறுதி முடிந்ததும் ஒரு வேலையாக மதுரைக்குப் போயிருந்த அண்ணாச்சியை டாக்டர் கமலவேணி உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். மனுஷிக்கு யந்திரத்தைப் பற்றி எவனாவது கேட்க மாட்டானா என்றிருந்தது.

"ஏனுங்க, இது சோசியம் இல்லீங்க. பயத்துக்கு ஒரு வாடை இருக்குது. விட்டுட்டுப் போயிரலாம்ங்கற எண்ணத்துக்கு ஒரு வாடை இருக்குது. மனசுக்குத் தெரியறதுக்கு முன்னாடி உடம்புக்குத் தெரிஞ்சுருதுங்க. வேர்வைல எறங்கீருது. நாம அதை எடுத்து இந்தப் பக்கம் பன்னெண்டு, அந்தப் பக்கம் பன்னெண்டுன்னு நிறுத்துப் பாக்கறோம். அவ்வளவுதானுங்க."

"சரிங்கம்மா," என்றார் அண்ணாச்சி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு.

"உங்க அணியப் பத்தித்தானுங்க ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன். மத்த ஊர்ல பன்னெண்டு பனியனும் பன்னெண்டு விதமா இருக்கும். உங்குளுது மட்டும் ஒரே சொட்டு மாதிரி! பன்னெண்டு பேருக்கும் ஒரே உடம்பு, ஒரே உசுரு. இத்தனை ஒத்துமைய நான் பாத்ததே இல்லைங்க. தூத்துக்குடி ஒற்றுமைன்னு பேரே வெச்சுட்டேன். வெளிநாட்டுல எல்லாம் கைதட்டுனாங்க."

அண்ணாச்சி காபியைக் கீழே வைத்தார்.

வேனில் திரும்பும்போது எட்டயபுரம் வரை விரலை மடித்துக்கொண்டே வந்தார். மனசுக்குள் கணக்கு ஓடியது. முதல் வருஷம் அவருக்குக் கடைவாய்ப் பல் வலி, உயிர் போய் உயிர் வந்தது: நாலுக்குச் சைபர். இரண்டாம் வருஷம் மனைவியின் தம்பி பெட்டியோடு வந்து வீட்டு நடையில் உட்கார்ந்தான். நடுவில் ஒரே ஒரு நாள் சாத்தான்குளத்துக்குக் கல்யாணத்துக்குப் போனான்: நாலுக்கு ஒன்று. மூன்றாம் வருஷம் மச்சினன் எங்கேயும் போகவில்லை: சைபர். இந்த வருஷம் பிப்ரவரியில் அவன் சூரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்: வெற்றி, வெற்றி.

மூன்று வருஷமாகப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகளின் வாழ்வும் தாழ்வும் தன் கடைவாய்ப் பல்லிலும் மச்சினன் பெட்டியிலும் தொங்கிக்கொண்டிருந்ததா? வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் ஓங்கரித்தார். சாப்பிட்டதெல்லாம் வந்தது. தன்மேலேயே அவருக்கு அத்தனை அருவருப்பு.

டைட்டஸைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

டைட்டஸ் முதலில் சிரித்தான். பிறகு யோசித்தான். பிறகு அவர் காலைத் தொட்டான்.

"அண்ணாச்சி, அடுத்த பனியனுக்கு இன்னும் எட்டு நாளு இருக்கு. நீங்க சந்தோசமா மட்டும் இருங்க. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்."

"ஏல, இதைப் போய் பேரவையில சொல்லிருவோம்ல. நீங்க ஆடுங்க, என்ன வருதோ வரட்டும்."

"சொன்னா நம்மள வெளியேத்திருவாவ. எனக்கு சூலை ரெண்டு அண்ணாச்சி. தெரியும்லா?"

தெரியும். அண்ணாச்சி தலையை ஆட்டிவைத்தார்.

அந்த எட்டு நாளும் அவருக்கு நரகம். பன்னிரண்டு பேரும் சேர்ந்து அவரைச் சந்தோஷப்படுத்தினார்கள். காலையில் எழுந்தால் ஆறடி ஏழங்குல ஆள் ஒருவன் காலை அமுக்கிக்கொண்டிருப்பான். வாயைத் திறந்தால் முந்திரி மக்ரூன் விழும். நின்றால் நாற்காலி, உட்கார்ந்தால் விசிறி. அவர் எது சொன்னாலும் பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். "தூ" என்றால்கூடச் சிரித்தார்கள். "அண்ணாச்சி துப்புனா அதுல ஒரு அழகு இருக்கு, கேட்டியா?" என்றான் ஒருவன்.

"எனக்குக் கொமட்டுதுல," என்றார் அண்ணாச்சி.

"ஐயையோ, கொமட்டாதீங்க அண்ணாச்சி, கணிப்பு தப்பிரும்!"

முகர்வு நாளுக்கு முந்தின நாள் டிரம் வந்தது. அன்றைக்கென்று பார்த்து பச்சை லாரி வரவில்லை. டிரைவர் கொழுந்தியாள் வீட்டுச் சடங்குக்குப் போய்விட்டானாம். போர்வெல்லை முக்கி முக்கி ஓடவிட்டு, கரிக்கிற தண்ணீரை நாலு வாளி பிடித்து மாடியில் வைத்தார்கள். அண்ணாச்சி பன்னிரண்டு பனியனையும் மாட்டிக்கொண்டு நடந்தார். சந்தோஷமான விஷயமாக நினைக்க வேண்டுமே என்று தேடினார். டைட்டஸ் முதன்முதலாக ஆடிய ஆட்டம் ஞாபகம் வந்தது. ஒரு பாயிண்ட் பின்னால். கடைசி விசில் ஊதிவிட்டது, பந்து காற்றில். கூடை வளையத்தில் பட்டு, சுற்றி, நின்று, யோசித்தது. அரங்கத்தில் நாலாயிரம் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடவுளுக்கே தெரியாது என்று அன்றைக்கு அண்ணாச்சிக்குத் தோன்றியது. அந்த அரை நொடி மாதிரி அவர் வாழ்க்கையில் இன்னொன்று வந்ததில்லை. நினைத்ததும் கண் நிறைந்து, தன்னையறியாமல் சிரித்தார். மாடிப்படியில் நின்று பார்த்த பன்னிரண்டு பேரும் கையைத் தட்டினார்கள்.

இரண்டு மணி நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தபோது போன் அடித்தது.

"அத்தான், நான்தான். சூரத் தண்ணி ஒத்துக்கிடல. நாளைக் கழிச்சு வந்துருதேன்."

மறுநாள் மதுரையில் முகரி சொன்னது: கரூர், நாலுக்குச் சைபர்.

அரங்கம் எழுந்து ஆடியது. பேரவைச் செயலாளர் அம்பலவாணன் மேடையில் நின்று, கடற்கரை மின்கழகத்தின் பன்னிரண்டு வேலை உத்தரவுகளைக் கரூர் ஆட்டக்காரர்களுக்கு அங்கேயே வழங்கினார். ஒரு பந்தும் தரையில் தட்டப்படவில்லை. கண்ணாடிப் பெட்டி முன்னால் வரிசை நின்றது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துவாரத்தில் வைத்து அழுத்தினாள். குழந்தை வீறிட்டது.

"சின்னப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் அண்ணாச்சி.

விடுதிக்கு வந்ததும் பன்னிரண்டு பேரும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்கள். நாலாம் ஆட்டத்து மறுநாள் கரூரிலிருந்து திரும்புகிற காலை வண்டிக்கு டிக்கெட் வந்துவிட்டிருந்தது. அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்தார்.

"ஏல, என்ன செய்தீய?"

"நாலுக்கு சைபர் அண்ணாச்சி."

"அது உங்களை மோந்து சொன்னதால? என் மச்சினன் சூரத்துல இருந்து வாரதை மோந்து சொன்னதுல! உங்களைப் பத்தி அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. உங்க வாடையே அது அறியாது!"

"தெரியும் அண்ணாச்சி," என்றான் டைட்டஸ். பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆனா இருவத்தேழுக்கு இருவத்தேழு. இதுவரைக்கும் தப்பலியே?"

அண்ணாச்சிக்கு வாழ்க்கையில் எத்தனையோ நாற்றம் தெரியும். மழைக்காலத்துக் காலுறை, மூன்று நாள் மூடிவைத்த ஷூ, தோற்ற அணியின் கழிப்பறை. அன்றைக்கு அந்த அறையில் அடித்த மாதிரி ஒன்றை அவர் மூக்கு கண்டதில்லை. கெஞ்சுகிற, கும்பிடுகிற, தெரிந்துகொண்டே தலையைக் கொடுக்கிற வாடை. அவர் "தூ" என்று சொல்லக்கூட இல்லை.

மூலையில் கம்பால் தூக்கி வைத்திருந்த பன்னிரண்டு ஜெர்சிகளையும் முதன்முறையாகக் கையால் வாரி மார்போடு அணைத்தார். கொல்லைக்குப் போனார். தொட்டியில் போட்டு, பார் சோப்பு இரண்டை எடுத்து, கல்லில் அடிக்க ஆரம்பித்தார்.

முதல் அடிச் சத்தத்திலேயே பன்னிரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி! தொவைக்காதீங்க! பிளே ஆஃப்ல தொவைச்சா..."

"தொவைச்சா?"

"தோத்துருவோம் அண்ணாச்சி!"

"நாலுக்கு சைபர் தோக்கப் போறவன் இன்னும் எதுக்குல தோக்கணும்? அஞ்சுக்கு சைபரா?"

சோப்புத் தண்ணீர் கறுப்பாக ஓடியது. ஒருவன் அழுதான். அண்ணாச்சி அடித்தார், அலசினார், பிழிந்தார், கொடியில் போட்டார். தூத்துக்குடி வெயில், முக்கால் மணியில் காய்ந்துவிட்டது. எடுத்து மடித்து டைட்டஸ் கையில் கொடுத்தார்.

"மோந்து பாரு."

டைட்டஸ் முகர்ந்தான்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல அண்ணாச்சி."

"அதுதாம்ல. ஒண்ணும் தெரியாது. ஜெயிப்பியா தோப்பியான்னு இந்த உலகத்துல ஒரு பயலுக்கும் தெரியாது. போய் ஆடு."

முதல் ஆட்டத்தில் பந்தைத் தூக்கிப் போட்டதும் டைட்டஸ் அதைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்துக் கரூர் ஆட்டக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுடைய நெட்டைப் பையன் பக்கத்தில் ஓடி வந்து காதோடு கேட்டான்: "ஏனுங்ணா, மறந்துட்டீங்களா? நாலுக்குச் சைபருங்ணா!"

"எங்க அண்ணாச்சி தொவைச்சுட்டாரு தம்பி," என்று சொல்லிவிட்டு டைட்டஸ் கூடையில் போட்டான்.

தூத்துக்குடி ஒரு பாயிண்டில் ஜெயித்தது. பார்க்க வந்திருந்த முப்பது பேரும் கல்லெறிந்தார்கள். இரண்டாம் ஆட்டத்துக்கு முந்நூறு பேர் திட்டுவதற்கென்றே வந்தார்கள். கரூர் ஜெயித்தது. மூன்றாவதும் அவர்களே. நாலாவது தூத்துக்குடி. காலை வண்டி பன்னிரண்டு காலி இருக்கையோடு போனது. அறையைக் கல்யாணக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டதால் அணி பந்தலிலேயே படுத்துக்கொண்டது. ஐந்தாவதில் கரூர்ப் பையன்களுக்கும் சூடு பிடித்துவிட்டது. வேலை உத்தரவு வீட்டில் பத்திரமாக இருக்க, அவர்களும் பைத்தியம் மாதிரி ஆடி ஜெயித்தார்கள். ஆறாவது தூத்துக்குடி. ஏழாவது ஆட்டத்துக்கு அரங்கத்தில் இடமில்லாமல் ஜனங்கள் ஜன்னலில் தொங்கினார்கள். திட்ட வந்தவர்கள் திட்ட மறந்துவிட்டிருந்தார்கள்.

கடைசி நொடி. ஒரு பாயிண்ட் பின்னால். டைட்டஸ் ஒற்றைக் காலில் எம்பினான். இடது முழங்கால் அப்போதே போய்விட்டது. பந்து வளையத்தில் பட்டு, சுற்றி, நின்று, யோசித்தது. அண்ணாச்சி மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

உள்ளே விழுந்தது. நாலுக்கு மூன்று, தூத்துக்குடி.

மறுவாரமே பேரவை விசாரணை வைத்தது. ஜூன் இருபத்தெட்டு. டைட்டஸ் முழங்காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவியும் இரண்டு பெண்களும். அம்பலவாணன் விதிப்புத்தகத்தை விரித்தார்.

"பதினாலாம் விதி. கணிப்பும் ஆட்டமும் வேறுபட்டால் ஆட்டத்தில் பிழை உள்ளதாகக் கொள்ளப்படும். மிஸ்டர் பர்னாந்து, உங்கள் மீது குற்றச்சாட்டு, அளவுக்கு மீறிய முயற்சி. ஆட்சேபம் உண்டா?"

"எனக்கு உண்டு," என்று அண்ணாச்சி எழுந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அந்தப் பனியன் ஒண்ணும் இவங்க போட்டது இல்லை. நாலு வருசமா பன்னெண்டையும் போட்டவன் நான். உங்க யந்திரம் மோந்தது என் வேர்வை. எனக்கும் கரூருக்கும் பந்தயமே கெடையாதே, அப்புறம் என்ன கணிப்பு? கணிப்பு செல்லாது. ஆடுனதுதான் செல்லும். இந்தப் பயலுக்கு வேலையைக் குடுங்க, என்னைய ஜெயில்ல போடுங்க."

டாக்டர் கமலவேணியின் முகம் வெளுத்தது. "ஒரே சொட்டு..." என்று முணுமுணுத்தார். "அப்ப என்ற கட்டுரை?"

அம்பலவாணன் யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே நாலாயிரம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நிரூபியுங்கள். உங்கள் வியர்வையும் பனியனில் உள்ளதும் ஒன்றென்று தெரிந்தால் கணிப்பு ரத்து. தொடர் உங்களுக்கு. வேலை உத்தரவு நாளை மறுநாளே இவர் கைக்கு வரும்."

டைட்டஸ் அண்ணாச்சியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அண்ணாச்சி அவன் தலையில் தட்டி, "சவத்த, மூக்கைத் தொடைல" என்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக, தன் உடம்பின் கசடு ஒன்று நல்ல காரியத்துக்கு ஆகப் போகிறது என்று நிமிர்ந்து நடந்து போனார். சூட்டறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவர் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்; சோதனை கெட்டுவிடும் என்று தரவில்லை.

மறுநாள் மருத்துவ அறிக்கை வந்தது. ஒரே பக்கம், ஒரே வரி: சேர்மக்கனி, வயது ஐம்பத்திரண்டு, பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லாதவர், இதுநாள்வரை ஒரு சொட்டும் வியர்த்ததில்லை; பனியன்களில் இருப்பது போர்வெல் தண்ணீர்.